ஊசிக்குப் பொருள் யாருடையது?

ஒருவன் தன் பிள்ளைக்குச் சோறிடுவதை எவரும் தர்மம் என்று சொல்வதில்லை. அவனும் அதைத் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை. பிள்ளையும் அதற்காகக் கைகட்டி நின்று நன்றி கூறுவதில்லை. அதே பிள்ளைக்கு அண்டை வீட்டார் ஒரு வேளை சோறிட்டால் அது தர்மமாகி விடுகிறது. அதற்கு நன்றியும் உரியதாகி விடுகிறது. சோறு ஒன்றே, பசியும் ஒன்றே. இட்ட கை எது என்பதைக் கொண்டு அச்செயலின் இயல்பே மாறிப் போகிறது. நம் ஃபிக்ஹு நூல்கள் இவ்விரண்டையும் இரு வேறு பாடங்களில் வைத்துப் பேசுகின்றன. முன்னது நஃபகா, பின்னது ஸதகா. வள்ளுவரும் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும் ஈகையை அதற்கடுத்த அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார்.

ஒரு நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குப் போடப்படும் தடுப்பூசி இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது? அந்நாட்டுப் பொக்கிஷத்தின் மீது கடமையாகி நிற்கும் நஃபகாவா, அன்றி வசதி படைத்த தேசங்கள் மனமுவந்து அளிக்கும் ஸதகாவா? இக்கேள்வி வெறும் கணக்குப்பிள்ளையின் கேள்வி என்று பலரும் எண்ணுகின்றனர். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஏழை நாடுகள் கண்ட அனுபவத்தை நோக்கின், இது முதலில் அறநெறிக் கேள்வி என்றே நமக்குத் தோன்றுகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 1974ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. காசநோய், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி, இளம்பிள்ளை வாதம், தட்டம்மை ஆகிய ஆறு நோய்களினின்றும் உலகின் எல்லாக் குழந்தைகளையும் காப்பது அதன் நோக்கம். அதன் பின்வந்த ஐம்பது ஆண்டுகளில் தடுப்பூசிகள் காத்த உயிர்கள் குறைந்தது 15 கோடியே 40 இலட்சம் என்று 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மதிப்பிட்டது. தொடக்க காலத்தில் அவ்வாறு மருந்துகளையும் ஒரு குழந்தைக்கென வாங்குவதற்கு ஏறத்தாழ ஒரு டாலரே ஆயிற்று. அவ்வளவு அற்பத் தொகையை யார் கொடுத்தால் என்ன என்று அக்காலத்தில் யாரும் கவலைப்படவில்லை. யுனிசெஃப் கொடுத்தது, நாடுகள் வாங்கிக் கொண்டன. பின்னர் நுரையீரல் காய்ச்சலுக்கும், வயிற்றுப்போக்கிற்கும், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் ஊசிகளும் சொட்டு மருந்துகளும் வந்தன. செலவு பல மடங்காயிற்று. 2000ஆம் ஆண்டில் ‘காவி’ என்னும் தடுப்பூசிக் கூட்டமைப்பு தோன்றி, செல்வ நாடுகளிடமும் அறக்கட்டளைகளிடமும் பொருள் திரட்டி வறிய நாடுகளுக்கு இம்மருந்துகளை வாங்கித் தரலாயிற்று. அதனால் பிழைத்த பிள்ளைகள் ஏராளம். அந்நன்மையை மறுப்பவர் நன்றி கொன்றவராவார்.

ஆயினும் ஸதகாவுக்கு ஓர் இயல்புண்டு. அது கொடுப்பவரின் மனத்தைச் சார்ந்தது. நிகழலாம், நின்றும் போகலாம். திடீர்த் துன்பத்திற்கு அதுவே ஏற்ற மருந்து. வெள்ளம் வந்தால், பூமி நடுங்கினால், பஞ்சம் பிடித்தால் அயலார் ஓடி வருவர், வரவேண்டும். தடுப்பூசியோ திடீர்த் துன்பமன்று. அடுத்த ஆண்டு ஒரு நாட்டில் எத்தனை குழந்தைகள் பிறக்கும் என்பது இவ்வாண்டே தெரியும். எத்தனையாவது வாரத்தில் எந்த ஊசி என்பதும் அட்டவணையில் இருக்கிறது. பத்தாண்டு கழித்தும் இதே செலவு இருக்கும். வீட்டுக்காரன் மாதந்தோறும் அரிசிக்கு ஒதுக்கி வைக்கும் பணம் எப்படியோ, அப்படிப்பட்டது இது.

நஃபகாப் பாடத்தை மதரஸாவில் ஓதிக் கொடுக்கும்போது கூர்மையான மாணவர்கள் ஓரிடத்தில் நிறுத்தி நம்மைக் கேள்வி கேட்பதுண்டு. மனைவிக்கு உணவும் உடையும் உறைவிடமும் கணவன் மீது கடமை. ஆனால் மருந்துச் செலவும் வைத்தியர் கூலியும் அதில் சேரா என்று பழைய நூல்கள் பல கூறுகின்றன. வாடகை வீட்டில் குடியிருப்போன் வாடகை கொடுப்பான், சுவர் இடிந்தால் கட்டித் தருவது அவன் பொறுப்பன்று என்பது அதற்கு அவர்கள் கூறிய உவமை. இன்றைய செவிக்கு இது கடுமையாக ஒலிக்கிறது. அக்காலத்தில் நோய் எப்போதாவது வருவது. மருந்தோ பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். என்றும் உள்ள உணவோடு அதைச் சேர்த்தெண்ண அவர்கள் தயங்கினர். அண்மைக் காலத்து டமாஸ்கஸ் அறிஞர் வஹ்பா அஸ்ஸுஹைலீ (ரஹ்) போன்றோர், மருத்துவம் இன்று உணவைப் போன்றே இன்றியமையாததாகி விட்டது, ஆகவே அதுவும் நஃபகாவில் அடங்கும் என்று தெளிவுபடுத்தினர். பழையவர்கள் தயங்கிய காரணங்கள் இரண்டும் தடுப்பூசிக்கு அறவே பொருந்தா. அது எப்போதாவது வேண்டப்படுவதன்று, அதன் பலனும் ஊகமன்று. பிள்ளை பிறந்த அன்றே அதன் தேவையும் பிறந்து விடுகிறது.

ஏழைத் தந்தைக்கு இயலவில்லையெனில்? இதற்கும் ஃபிக்ஹில் வழியுண்டு. தந்தைக்கு இயலாவிடில் பாட்டன். அவருக்கும் இயலாவிடில் பைத்துல்மால். அதாவது பொக்கிஷம், நாட்டாரின் பொதுப் பணம். வெளியார் தருமம் இவ்வரிசையில் இல்லை. வெளியார் கொடுத்தால் தடையில்லை. ஆனால் அவர் கொடுத்துவிட்டார் என்பதனால் உரியவன் பொறுப்பு நீங்கி விடுவதில்லை. தந்தை பொருள் வைத்துக் கொண்டே கொடாதிருந்து, காஜியின் அனுமதியோடு பிள்ளைக்கெனக் கடன் வாங்கிச் செலவிட்டால், அக்கடன் தந்தையின் தலையிலேயே நிற்கும்.

யார் இயலாதவர், யார் இயன்றவர் என்று வரையறுப்பதில்தான் முதற் சிக்கல் எழுகிறது. ஜகாத்தில் நிஸாப் என்றோர் அளவுண்டல்லவா? அதைப் போன்றே ‘காவி’யும் ஒரு கோடு வகுத்துள்ளது. ஒரு நாட்டின் தலா வருமானம் அக்கோட்டுக்குக் கீழே இருக்குமட்டும் உதவி உண்டு. தாண்டினால் சில ஆண்டுகளில் உதவி படிப்படியாகக் குறைந்து முற்றும் நின்றுவிடும். மிக வறிய நாடுகளும் ஒரு முறை போடும் மருந்துக்கு 20 சென்ட் வீதம் தம் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும். வருமானம் உயர உயர அப்பங்கும் உயரும். இந்த இருபது சென்ட் விதியை நாம் பெரிதும் மதிக்கிறோம். அதனால் திரளும் பணம் சொற்பம். ஆனால் நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் தடுப்பூசிக்கென ஒரு வரி எழுதப்பட்டு விடுகிறது. எழுதப்பட்ட வரியை மறுவருடம் அடிப்பது சற்றுக் கடினம்.

நிஸாபுக் கோட்டின் விபரீதத்தை நைஜீரியாவில் கண்டோம். 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறையினர் தேசிய உற்பத்தியைக் கணக்கிடும் அடிப்படை ஆண்டைத் திருத்தியமைத்தனர். அதுவரை கணக்கில் வாராதிருந்த தொலைபேசித் தொழில், திரைப்படத் தொழில் முதலியன சேர்ந்தன. ஒரே நாளில் நாட்டின் உற்பத்தி 89 விழுக்காடு உயர்ந்ததாகக் காட்டப்பட்டது. தென்னாப்பிரிக்காவையும் விஞ்சி, ஆப்பிரிக்காவின் முதற் பெரும் பொருளாதாரம் என்னும் பெயரும் கிட்டிற்று. இரவு ஏழையாய்ப் படுத்த தேசம் காலையில் செல்வனாய் எழுந்தது. சொக்கோட்டோ மாநிலத்துச் சிற்றூரில் தாயின் முதுகில் தூங்கிக் கொண்டிருந்த குழந்தைக்கு அன்று ஒரு கவளமும் கூடவில்லை. ஆனால் அக்குழந்தையின் நாடு கோட்டைத் தாண்டிவிட்டது. உதவி நிற்கும் நாள் குறிக்கப்பட்டு விட்டது.

அப்போது அந்நாட்டின் நிலை என்ன? 2016, 2017 ஆண்டுகளில் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசியை மூன்று முறையும் போட்டுக் கொண்ட குழந்தைகள் நூற்றுக்கு முப்பத்து மூவரே. நிலைமையைக் கண்ட ‘காவி’ 2018 ஜூனில் தன் விதியைத் தளர்த்தி, நைஜீரியாவுக்கு மட்டும் 2028 வரை உதவியை நீட்டித்தது. அதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 100 கோடி டாலர் வரை. பத்தாண்டுத் தவணை கொடுத்தாயிற்று, அதற்குள் உன் பொக்கிஷத்தைச் சீர்செய்துகொள் என்பது அதன் பொருள்.

பொக்கிஷம் வெறுமையாயிற்று என்று அரசர்கள் கூறும்போது அதை ஆலிம்கள் அப்படியே ஏற்றதில்லை. ஹிஜ்ரி 657இல், அதாவது கி.பி. 1259இல், பக்தாதை அழித்த மங்கோலியர் எகிப்தை நோக்கி வந்து கொண்டிருந்த வேளை. படை திரட்டப் பணமில்லை, மக்களிடம் புதுவரி வாங்கலாமா என்று கெய்ரோவில் ஆலிம்களிடம் கேட்கப்பட்டது. இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) தடை சொல்லவில்லை; நிபந்தனை சொன்னார். முதலில் பொக்கிஷம் உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும். அமீர்கள் தங்களிடமுள்ள பொற்கச்சைகளையும் விலையுயர்ந்த பொருள்களையும் விற்று, ஒவ்வொருவரும் குதிரையோடும் ஆயுதத்தோடும் மட்டும் பொதுமக்களுக்குச் சமமாக நிற்கட்டும். அதன் பிறகு மக்களிடம் கேட்கலாம் என்றார். எதிரி வாசலில் நின்றபோதும் இந்த வரிசை மாறலாகாது என்பது அவர் தீர்ப்பு.

அந்த அளவுகோலை இன்று வைத்துப் பார்ப்போம். ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2001 ஏப்ரலில் கூடி, தத்தம் வரவு செலவுத் திட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்தையேனும் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று உறுதியெடுத்தது எங்கே? நைஜீரியாவின் தலைநகராகிய அபுஜாவில். விருந்தளித்த வீட்டுக்காரர் அவ்வுறுதியை நிறைவேற்றியதில்லை. அதே நைஜீரியா 2022ஆம் ஆண்டில் பெட்ரோலை மலிவாக விற்பதற்கெனச் செலவிட்டது 4 இலட்சம் கோடி நைராவுக்கும் மேல். அவ்வாண்டு மத்திய அரசு சுகாதாரத்துக்கு ஒதுக்கியதைப் போல் அது பல மடங்கு. மலிவுப் பெட்ரோலால் மிகுதியும் பயனடைந்தோர் வண்டி வாகனம் வைத்திருந்தோரும், அதை எல்லை கடத்தி விற்றோருமே. 2023 மே மாதத்தில் புதிய ஜனாதிபதி பதவியேற்ற அன்றே அச்சலுகை நீக்கப்பட்டது. ஏழைகளும் விலையேற்றத்தால் துன்புற்றனர் என்பது மெய்தான். ஆயினும் அத்தனை ஆண்டுகளாக அமீர்களின் இடுப்பில் கச்சை மின்னிக் கொண்டிருக்க, குழந்தைகளின் ஊசிக்கு மட்டும் அயலாரை எதிர்பார்த்து நின்றது எந்த வரிசை?

இனி அதே நாட்டின் கானோ மாநிலத்துக்கு வருவோம். முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் மாநிலம் அது. நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறும் கூட. 2003ஆம் ஆண்டில் இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்தில் மலட்டுத் தன்மை உண்டாக்கும் பொருள் கலந்திருக்கிறது என்ற வதந்தி அங்கே பரவிற்று. 1996இல் மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாய் வந்தபோது அந்நிய மருந்துக் கம்பெனி ஒன்று குழந்தைகளிடம் புதுமருந்தைச் சோதித்துப் பார்த்த கசப்பு மக்கள் மனத்தில் ஆறாதிருந்தது. கேளாமலே வீடு தேடி வந்து இலவசமாய்க் கொடுக்கிறார்களே, காய்ச்சலுக்குப் போனால் மாத்திரை கிடைப்பதில்லையே, இதற்கு மட்டும் ஏன் இத்தனை அக்கறை என்று தாய்மார்கள் கேட்டனர். அந்தக் கேள்வியை மூடத்தனம் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. கொடுப்பவன் யாரென்றே தெரியாத ஸதகாவின் மேல் ஐயம் பிறப்பது மனித இயல்பு.

மாநில அரசே மருந்தை நிறுத்தி வைத்தது. ஏறத்தாழ ஓராண்டு அங்கே சொட்டு மருந்து இல்லை. பின்னர் ஒரு வழி காணப்பட்டது. முஸ்லிம் நாடாகிய இந்தோனேசியாவின் பாண்டுங் நகரிலுள்ள ‘பயோ ஃபார்மா’ என்னும் அரசாங்க மருந்துத் தொழிற்சாலையிலிருந்து மருந்து தருவிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு ஜூலையில் கானோவின் ஆளுநர் இப்ராஹீம் ஷெகாராவ் மீண்டும் மருந்தளிக்க இசைந்தார். ஆனால் அதற்குள் நோய்க்கிருமி எல்லை கடந்துவிட்டது. வடநைஜீரியாவிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ இருபது நாடுகளுக்கு அது பரவிற்று. சூடான் வழியே, சவூதி அரேபியா வழியே சென்று 2005இல் அது இறங்கிய இடம் எது தெரியுமா? அதே இந்தோனேசியாவின் மேற்கு ஜாவா. பாண்டுங்கிலிருந்து கானோவுக்கு மருந்து போயிற்று. நைஜீரியாவிலிருந்து பாண்டுங் இருக்கும் அதே மேற்கு ஜாவாவுக்கு நோய் வந்தது. முந்நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கே முடமாயினர். ஒரு நாட்டுப் பிள்ளையின் ஊசி அந்நாட்டின் சொந்த விவகாரம் மட்டுமே என்று சொல்வோர் இந்தச் சுற்றுப் பயணத்தை நினைவிற் கொள்ளட்டும்.

கானோவின் கதை அதோடு நிற்கவில்லை. 2012ஆம் ஆண்டில் அம்மாநில அரசும், கேட்ஸ் அறக்கட்டளையும், கானோவிலேயே பிறந்த வணிகர் அலிகோ டாங்கோட்டேயின் அறக்கட்டளையும் ஓர் உடன்படிக்கை செய்தன. மருந்தை வாங்கித் தருவது மத்திய அரசின் வேலை. அதைக் குளிர்ப் பெட்டியில் வைத்து ஊரூராய்க் கொண்டு சேர்ப்பதும், குளிர்சாதனப் பெட்டிக்கு எரிபொருள் ஊற்றுவதும், ஊசி போடும் பெண்ணுக்குப் படிக்காசு கொடுப்பதும் மாநிலத்தின் வேலை. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் பணம் வருவதில்லை. திட்டத்தில் தொகை இருக்கும், கருவூலத்திலிருந்து வெளிவராது, வந்தாலும் ஆண்டு முடியும் தறுவாயில் வரும். ஆகவே மூவரும் தனியே ஒரு பொதுக் கணக்கைத் திறந்தனர். முதலாண்டுச் செலவில் அறக்கட்டளைகள் எழுபது பங்கு, அரசு முப்பது, இரண்டாமாண்டு சரிபாதி, மூன்றாமாண்டு அறக்கட்டளைகள் முப்பது, அரசு எழுபது. அதற்குப் பின் பொறுப்பு முழுவதும் மாநில அரசுக்கே என்பது ஏற்பாடு. குழந்தைக்கு நடை பழக்கும் தாய் முதலில் இரு கைகளையும் பிடித்து, பிறகு ஒரு கையை விட்டு, பிறகு ஒரு விரலை மட்டும் நீட்டுவாளே, அத்தகைய ஏற்பாடு. இது நன்றாயிருக்கக் கண்டு வடபகுதியின் வேறு சில மாநிலங்களும் இதே முறையை மேற்கொண்டன. 2020 ஆகஸ்டில் ஆப்பிரிக்கக் கண்டம் இயற்கையான போலியோக் கிருமியினின்றும் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டபோது, இறுதிவரை நோய் தங்கியிருந்த நாடு நைஜீரியாவே. தம் ஊர் ஆளுநரும் தம் ஊர் வணிகரும் பணம் போட்ட மருந்து என்று தெரிந்தபின், கதவைத் திறப்பதற்கு முன்போல் அஞ்ச வேண்டியிருக்கவில்லை. சொந்தப் பணம் மருந்தை மட்டுமன்றி நம்பிக்கையையும் வாங்கித் தருகிறது என்பது நம் கருத்து.

வேறு நாடுகளில் வேறு வழிகள். தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க நாடுகள் 1979ஆம் ஆண்டு முதல் ஒரு சுழல்நிதியின் மூலம் கூட்டாக மருந்து வாங்குகின்றன. சரக்கு வந்தபின் அறுபது நாட்களுக்குள் ஒவ்வொரு நாடும் தன் பங்கைச் செலுத்திவிட வேண்டும். அந்தப் பணம் அடுத்த கொள்முதலுக்குச் சுழலும். இலவசம் என்பது அங்கே இல்லை. மொத்தமாய் வாங்குவதால் விலை மலிவும், தவணையால் மூச்சுவிட நேரமும் உண்டு. நம்மூர்க் குடும்பத் தலைவிகள் சீட்டுப் பிடிக்கும் முறையை அறிந்தோருக்கு இது புரியக் கடினமில்லை.

நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது பூட்டானின் வழி. மக்கள் தொகை எட்டு இலட்சத்தையும் எட்டாத மலைநாடு, பௌத்தர்களின் நாடு. ஆனால் அவர்கள் செய்திருப்பது அச்சு அசலாக வக்ஃபு! அசல் நிதியைத் தொடாமல் வைத்து, அதன் விளைவை மட்டும் தடுப்பூசிக்கும் அவசிய மருந்துகளுக்கும் செலவிடுவதென்று 1998இல் சுகாதார நிதியம் ஒன்றை நிறுவினர். 2 கோடியே 40 இலட்சம் டாலர் அசல் திரட்டுவது இலக்கு. வெளிநாட்டாரும் கொடுத்தனர், அரசும் போட்டது. 2002ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் சங்கே ங்கேடுப், கிழக்கேயிருந்து தலைநகர் திம்பு வரை ஏறத்தாழ 560 கிலோமீட்டரைப் பதினைந்து நாட்களில் நடந்தே கடந்து, வழியெங்கும் இந்நிதிக்குப் பொருள் திரட்டினார். அமைச்சர் நடந்ததால் அசல் நிறைந்துவிட்டதென்று நாம் கூறவில்லை. தம் பிள்ளைகளுக்கு ஊசி எங்கிருந்து வருகிறது என்பதை மலைக் கிராமத்துக் கிழவியும் அன்று தெரிந்துகொண்டாள் அல்லவா? தன் கைக்காசையும் அதில் போட்டாள் அல்லவா? 2016 முதல் பூட்டானும், நம் அண்டை நாடாகிய இலங்கையும் ‘காவி’யின் துணையினின்றும் விடுபட்டுத் தம் பணத்தில் ஊசி வாங்கும் நாடுகளின் வரிசையில் சேர்ந்தன.

எனினும் வக்ஃபின் பலவீனம் நமக்குத் தெரியாததன்று. அசல் பத்திரமாயிருப்பது முத்தவல்லியின் கையில் இருக்கிறது. நல்ல நஞ்சை எழுதி வைக்கப்பட்டும் பள்ளிவாசலில் விளக்கெரியாத ஊர்களை நாம் பார்த்தவர்கள் தாமே! மேலும், சிறு நாட்டுக்குப் போதும் இவ்வழி பெருநாட்டுக்குப் போதாது. கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு விளைவு தரத்தக்க அசலை எங்கே போய்த் திரட்டுவது? அங்கே வரிதான் வழி.

எந்த வரி என்பதில் மீண்டும் ஒரு சங்கடம். பிலிப்பைன்ஸ் நாடு 2012ஆம் ஆண்டில் புகையிலைக்கும் மதுவுக்கும் வரியை வெகுவாக உயர்த்தி, அந்த அதிக வருமானத்தின் பெரும்பகுதியைச் சுகாதாரத்துக்கெனச் சட்டத்திலேயே ஒதுக்கியது. மதுவின் காசில் குழந்தைக்கு ஊசியா என்று நம்மவர் முகம் சுளிக்கலாம். உரியவர் இன்னார் என்று அறிய இயலாத ஹராமான பொருளைக் கடலில் எறிய வேண்டியதில்லை, பொதுநன்மைக்குச் செலவிடலாம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் விளக்கியிருப்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். நமக்குள்ள தயக்கம் வேறு. குடி குறைந்தால் வரியும் குறையும். அப்போது ஊசிக்காகக் குடி வளர வேண்டும் என்று நிதியமைச்சர் உள்ளூர விரும்ப நேரிடுமே! பிள்ளையின் நஃபகாவைத் தீய வழக்கமொன்றின் ஆயுளோடு பிணைப்பது பத்திரமான ஏற்பாடு அன்று.

அதே பிலிப்பைன்ஸ் இன்னொரு பாடமும் தருகிறது. 2016இல் அவ்வரசு தன் சொந்தப் பணத்தில் 350 கோடி பெசோவைச் செலவிட்டு, டெங்குக் காய்ச்சலுக்கான புதிய ஊசியை அவசர அவசரமாய் வாங்கிப் பள்ளிப் பிள்ளைகள் எட்டு இலட்சம் பேருக்கு மேல் போட்டது. முன்னர் டெங்கு கண்டிராத பிள்ளைகளுக்கு அவ்வூசியால் நோய் கடுமையாகலாம் என்று 2017 நவம்பரில் அதைச் செய்த கம்பெனியே அறிவித்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். பழகிய தட்டம்மை ஊசியையும் பலர் மறுத்தனர். 2019இல் தட்டம்மை பரவிப் பல குழந்தைகள் மாண்டனர். ஆகவே சொந்தப் பணமாய் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கில்லை. மக்கள் பணத்தைச் செலவிடுவோனுக்கு விசாரணையும் பொறுமையும் வேண்டும்.

இந்தோனேசியாவும் இதை உணர்ந்தது. தட்டம்மை, ரூபெல்லா ஊசியைத் தயாரிக்கும்போது பன்றியிலிருந்து எடுத்த பொருள் பயன்பட்டிருக்கிறது என்ற செய்தி பரவியபோது, அந்நாட்டு உலமா சபை 2018 ஆகஸ்டில் ஒரு ஃபத்வா வழங்கிற்று. பொருள் ஆகாததே, ஆயினும் ஆகுமான மாற்று ஊசி கிடைக்காத நிலையில், நிர்ப்பந்தம் கருதி அதைப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அறிவுக்கு ஒத்த தீர்ப்புத்தான். அப்படியிருந்தும் ஜாவாவுக்கு வெளியே பல பகுதிகளில், சிறப்பாக ஆச்சேயில், பெற்றோர் பெரும்பாலோர் முன்வரவில்லை. பைத்துல்மாலில் பணமிருப்பது ஒன்று, பெற்றோர் மனத்தில் இடமிருப்பது ஒன்று. இதை ஆட்சியாளர்கள் ஆலிம்களிடம் முன்கூட்டியே கலந்திருக்கலாம். ஆலிம்களும் கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எனினும் அந்நாடு உதவியை விட்டு வெளியேறி, தன் செலவைத் தானே ஏற்று, 2024ஆம் ஆண்டில் ‘காவி’க்கு 3 கோடி டாலர் தருவதாகவும் அறிவித்தது. வாங்கிய கை கொடுக்கும் கையாயிற்று.

இனி ஒரு மறுப்பைக் கேட்போம். தன்மானம் பேசி உதவியை மறுத்தால் சாவது பிள்ளைகள் அல்லவா என்பர். உண்மை. பிள்ளையின் உயிர் தந்தையின் கௌரவத்தை விட மேலானது. அயலான் இட்ட சோற்றைத் தட்டிவிடும் தந்தை பாவி. நாம் கூறுவது அதுவன்று. அயலான் சோறிடுகிறான் என்று தன் வருவாயை வேறு வழியில் செலவிடும் தந்தையைப் பற்றியே பேசுகிறோம். இன்னொன்றும் உண்டு: இருபத்தைந்து ஆண்டு சோறிட்ட அயலானுக்கும் நெறியுண்டு. அமெரிக்க அரசு 2024 ஜூனில், ஐந்தாண்டுகளில் குறைந்தது 158 கோடி டாலர் தருவதாக வாக்களித்தது. ஓராண்டு கழித்து, 2025 ஜூனில் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய மாநாட்டுக்கு அதன் சுகாதார அமைச்சர் அனுப்பிய செய்தி, இனிக் கொடுப்பதற்கில்லை என்பது. 1190 கோடி டாலரை எதிர்பார்த்த மாநாட்டில் 900 கோடிக்குச் சற்று மேலான வாக்குறுதிகளே சேர்ந்தன. ஸதகா கொடுப்பவன் விருப்பத்தைப் பொறுத்தது என்று முன்னர் சொன்னோம். வாக்குக் கொடுத்த பின்னரும் அப்படித்தானா? வாக்கை முறிப்பது எந்தச் சமயத்திலும் எந்த ஊரிலும் நல்ல பெயர் வாங்கித் தராது. அதே வேளை, அந்த வாக்கை நம்பி வீட்டில் அரிசி வாங்காதிருந்தவனை என்னென்பது?

உதவி குறையும் என்ற செய்தி வந்ததும் நைஜீரியப் பாராளுமன்றம் 2025 பிப்ரவரியில் சுகாதாரத்துக்கென மேலும் 20 கோடி டாலரை வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்தது. சில நாட்களில் கிடைத்த அப்பணம் அதற்கு முன் எங்கே இருந்தது என்று அந்நாட்டு மக்கள் கேட்க உரிமையுண்டு. ஒதுக்கியது கருவூலத்தை விட்டு வெளிவந்ததா, வந்தது குளிர்ப் பெட்டி வரை போய்ச் சேர்ந்ததா என்பதையும் அவர்களே கேட்க வேண்டும். வெளியூர்த் தணிக்கையாளர் கேட்டுப் பயனில்லை. 2018இல் கொடுத்த தவணை 2028இல் முடிகிறது. அந்நாட்டில் ஓராண்டில் பிறக்கும் குழந்தைகள் எழுபது இலட்சத்துக்கும் மேல். மருந்துத் தொழிற்சாலைகளோ கேட்ட மறுநாளே சரக்கை அனுப்புவன அல்ல. தவணை முடிந்தபின் பிறக்கும் குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் போட வேண்டிய ஊசிக்கான கட்டளை, அதற்கு முந்திய ஆண்டிலேயே, நைராவில் எழுதப்பட்டுப் போயிருக்க வேண்டும்.